லோரி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் புகையைப் பாருங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ ஒரு பழைய டீசல் லோரி காலையில் கிளம்பாமல் நின்றுவிட்டால், ஓட்டுநர் கீழே இறங்குவதற்குள் நாலு பேர் காரணம் சொல்லிவிடுவார்கள். ஒருவர் பேட்டரி போய்விட்டது என்பார். இன்னொருவர் நோசல் அடைப்பு என்பார். பம்பைக் கழற்றி ரீகான் (பிரித்துப் புதுப்பித்தல்) பண்ணச் சொல்வார் மூன்றாமவர். "எஞ்சின் முடிஞ்சது அண்ணே, ஹாஃப் கட் பார்த்துப் போட்டுடலாம்" என்று, பழைய வண்டியிலிருந்து வெட்டியெடுத்த எஞ்சினை மாட்டச் சொல்லி ஒருவர் கதையையே முடித்துவைப்பார்.

இவர்கள் சொல்வது ஏதோ ஒரு லோரிக்குச் சரியாக இருந்திருக்கும். ஆனால் எதிரே நிற்கும் லோரியைப் பார்த்து யாரும் பேசவில்லை. அதனால் இந்த வாரம் புது பேட்டரி, அடுத்த வாரம் பம்ப், அப்புறம் நோசல் என்று காசு போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் பார்த்தால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு. சொந்த லோரி வைத்து மண்ணும் பழைய இரும்பும் செம்பனைக் குலையும் ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தச் செலவு சாதாரணமானது அல்ல. டீசல் எஞ்சின் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்று புரிந்துவிட்டால் இதில் பாதியைத் தவிர்க்கலாம். அதற்குப் பட்டறை அனுபவம் தேவையில்லை.

இங்கே நான் பேசுவது பழைய எஞ்சின்களைப் பற்றி. கம்ப்யூட்டர் இல்லாத, முழுக்க இயந்திரத்தாலேயே இயங்கும் டீசல் பம்ப் வைத்த இசுசு, ஹினோ, ஃபூசோ, நிசான் யூடி போன்றவை. கம்ப்யூட்டரே டீசலை அளந்து தெளிக்கும் புதிய காமன் ரயில் எஞ்சின்களின் கணக்கு வேறு.

பொறி இல்லாமல் வரும் தீ

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டும், பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் அந்தப் பிளக்கே கிடையாது. பிறகு தீ எங்கிருந்து வருகிறது?

தீப்பெட்டி வருவதற்கு முன்னால் இந்த மலாய் மண்ணில் புழங்கிய ஒரு சின்னக் கருவியை வைத்துச் சொன்னால் எளிது. மலாயில் அதற்கு கோபெக் அப்பி என்று பெயர். எருமைக் கொம்பிலோ மரத்திலோ குடைந்த, ஒரு முனை மூடிய குழல். அதற்குள் இறுக்கமாகப் போகும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் ஒரு குழி, அந்தக் குழியில் பனை வகை மரத்திலிருந்து சுரண்டிய கொஞ்சம் பஞ்சு. தண்டைக் குழலில் செருகி, உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி அடித்து உடனே வெளியே இழுத்தால் பஞ்சில் கனல் பிடித்திருக்கும். உள்ளே இருந்தது வெறும் காற்று. காற்றைச் சட்டென்று நசுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டில்தான் பஞ்சு பற்றியது.

இந்தக் கருவியில் இரண்டு விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இவை வரும். தண்டை மெதுவாக அழுத்தினால் தீ வராது, ஏனென்றால் உண்டாகும் சூடு குழலின் சுவர் வழியாகப் போய்விடும். தண்டு லொடலொட என்று இருந்தாலும் தீ வராது, காற்று ஓரமாகக் கசிந்துவிடும்.

ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினும் இதே தத்துவம்தான். அவருடைய ஆசிரியர் கார்ல் லிண்டே பினாங்கிலிருந்து வந்த இப்படி ஒரு கருவியை மாணவர்களுக்குக் காட்டினார், அதைப் பார்த்துத்தான் டீசலுக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கதையை எப்படி எடுத்துக்கொண்டாலும் குழல்தான் சிலிண்டர், தண்டுதான் பிஸ்டன். பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் உள்ள காற்று சுமார் பதினேழில் ஒரு பங்காக, சில எஞ்சின்களில் இருபத்திரண்டில் ஒரு பங்காக நசுங்குகிறது. இதைத்தான் கம்ப்ரெஷன் என்கிறோம். நல்ல எஞ்சினில் அந்தக் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சரியாக அந்த நேரத்தில் டீசல் நுண்துளிகளாக உள்ளே பாய்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆக, காற்று வேகமாக நசுங்க வேண்டும், கசியாமல் நசுங்க வேண்டும், சரியான நேரத்தில் டீசல் வந்து சேர வேண்டும். ஸ்டார்ட் ஆகாத எந்தப் பழைய டீசல் எஞ்சினிலும் இந்த மூன்றில் ஒன்று குறைந்திருக்கிறது. எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சுற்றினால் மட்டும் போதாது

"எஞ்சின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல." இதைக் கேட்டதும் பேட்டரியில் குறையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுற்றுகிறது, சரி. எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது?

சாவியைத் திருப்பும்போது பேட்டரி மின்சாரத்தில் எஞ்சினைச் சுற்றிவிடுவது ஸ்டார்ட்டர் மோட்டார். பழைய டீசல் எஞ்சின் பற்றிக்கொள்ள நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சுற்றாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் தண்டை மெதுவாக அழுத்திய கதைதான். காற்று நசுங்கும், ஆனால் சூடு தங்காது. ஹார்ன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது என்பதை வைத்து பேட்டரியை நம்ப வேண்டாம். விளக்குக்குச் சில ஆம்பியர் போதும், ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும்.

பெரும்பாலான லோரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஒன்று தளர்ந்தாலும் இரண்டும் சேர்ந்து தளர்ந்த மாதிரிதான் இருக்கும். ஒரு மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒன்று மட்டும் 9.5-க்குக் கீழே விழுந்தால் அதுதான் குற்றவாளி. ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. பழையதும் புதியதும் சேர்ந்தால் புதியதும் சீக்கிரம் கெடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினால் எர்த் கேபிளைப் பாருங்கள். எஞ்சினையும் சேஸியையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைக்கும் தடித்த கம்பி அது. கடற்காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கும் பட்டர்வொர்த் பக்கம் இதன் முனைகள் பச்சை பூத்து, துரு ஏறிக் கிடப்பது மிகச் சாதாரணம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் அங்கே வீணாகிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீர்ந்துவிடும். காசே செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் ஸ்டார்ட்டரை மாற்றியவர்கள் ஏராளம்.

ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டாதீர்கள். இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால், முதலில் இருந்த குறையோடு எரிந்துபோன ஸ்டார்ட்டரும் சேர்ந்துகொள்ளும்.

எஞ்சின் சுறுசுறுப்பாக, சீரான தாளத்தில் சுற்றுகிறதா? அப்படியானால் பேட்டரி பேச்சை அதோடு விட்டுவிட்டு லோரியின் பின்பக்கம் போங்கள்.

புகை இருக்கிறதா, இல்லையா

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள சோதனை வேறு இல்லை. கருவி எதுவும் தேவையில்லை, இரண்டு பேர் இருந்தால் போதும். கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் பத்து விநாடி ஸ்டார்ட்டரை ஓட்டட்டும். மற்றவர் எக்ஸாஸ்ட் குழாயின் வாயைப் பார்க்கட்டும்.

புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. கம்ப்ரெஷன் எப்படி இருக்கிறது என்று இப்போது யோசிக்கவே வேண்டாம். பற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். அந்தப் புகை எரியாத டீசலின் ஆவி. இப்போது சந்தேகம் சூட்டின் மீது திரும்ப வேண்டும்.

கறுப்புப் புகை வந்தால் டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். எக்ஸாஸ்ட் பிரேக்கையும் பாருங்கள். இறக்கத்தில் வேகம் குறைக்க எக்ஸாஸ்ட் குழாயை மூடும் தட்டு அது. கரி பிடித்து மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு விட வழியில்லை. நன்றாக மூடிக்கொண்டால் புகைகூட வெளியே வராது. அதனால் "புகை இல்லை" என்று முடிவு செய்யும் முன் அந்தத் தட்டின் லீவரைக் கையால் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

பினாங்குப் பட்டறைகளில் வேலை தெரிந்த போர்மேன் (மெக்கானிக்) யாரையும் கவனித்துப் பாருங்கள், ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் அவர் எக்ஸாஸ்டைத்தான் எட்டிப் பார்ப்பார்.

புகை இல்லை: டீசல் எங்கே நின்றது?

முதலில் டேங்கில் டீசல் இருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். பழைய லோரியின் மீட்டர் முள்ளை நம்ப முடியாது.

அடுத்தது ஸ்டாப் சொலினாய்டு. டீசல் எஞ்சினை நிறுத்துவது என்றால் டீசலை நிறுத்துவது. சாவியை மூடியதும் பம்பில் டீசலை மறிக்கும் மின்காந்த வால்வுதான் இந்த சொலினாய்டு. சாவியைத் திறக்கும்போது அது திறந்தாக வேண்டும். ஃபியூஸ் போய்விட்டால், வயர் கழன்றுவிட்டால் அது மூடியே இருக்கும், எஞ்சின் நாள் முழுக்கச் சுற்றினாலும் பற்றாது. சாவியைத் திறக்கும்போது பம்ப் பக்கம் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். இன்னும் பழைய லோரிகளில் இழுத்து நிறுத்தும் ஒரு கேபிள்தான் இருக்கும். இழுத்தது திரும்பாமல் பாதியில் சிக்கிக்கொள்வதும் நடக்கும். மலிவான ஒரு ஃபியூஸுக்காகப் பம்பைக் கழற்றுவது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். அதனால்தான் இதை இவ்வளவு முன்னால் வைக்கிறேன்.

இவை சரி என்றால் டீசல் வரும் பாதையைப் பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுப்பது ஃபீட் பம்ப். எஞ்சின் பக்கத்தில் கையால் அமுக்கும் குமிழோடு இருக்குமே, அதுதான். அது டீசலை ஃபில்டர் வழியாக டீசல் பம்புக்குத் தள்ளுகிறது. டீசல் பம்ப் அதை மிகுந்த அழுத்தத்தோடு நோசலுக்கு அனுப்புகிறது. நோசல் அதை நுண்துளிகளாகச் சிலிண்டருக்குள் தெளிக்கிறது. பழைய எஞ்சின்களின் நோசல் திறப்பதற்கே ஏறக்குறைய 100 முதல் 200 பார் வரை அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டரை பார் அளவுதான்.

இந்தப் பாதையில் ஒரு காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் என்ன ஆகும்? டீசல் நசுங்காது, காற்று நசுங்கும். பம்ப் தள்ளும் தள்ளு முழுவதும் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். நோசலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. இதைத்தான் "ஏர் பிடிச்சிருக்கு" என்கிறோம். டேங்க் காலியாகும்வரை ஓட்டினால், நேற்று ஃபில்டர் மாற்றியிருந்தால், சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஒரு வாரம் சும்மா நின்றிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

காற்று எப்படி உள்ளே வருகிறது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "எங்கேயும் ஒழுகலையே" என்பார்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே இருக்கும் குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. அங்கே ஒரு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். இரவில் லோரி நிற்கும்போது அந்த வெடிப்பு வழியாகக் காற்று நுழைய, குழாயில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாது. கையால் நாலு தடவை பம்ப் அடித்தால் ஆகும். ஆகி ஒரு நிமிடத்தில் அணைந்தாலும் அணையும். "மத்தியானம் நல்லா ஸ்டார்ட் ஆகுது, காலையிலதான் தொல்லை" என்றால் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு வினோதமும் உண்டு. டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடி, பாதியானதும் மக்கர் செய்யும் லோரிகள். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் நடுவே துரு பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். டீசல் மட்டம் ஓட்டைக்குக் கீழே போனதும் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் டீசல் வராது. மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் அதுதான் காரணம்.

குறை டேங்க் பக்கமா, பம்ப் பக்கமா என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சுத்தமான சிறிய கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்பைவிட உயரமான இடத்தில், எக்ஸாஸ்டுக்குத் தள்ளி கட்டிவையுங்கள். பழைய குழாயைக் கழற்றிவிட்டு, புதுக் குழாயால் கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு இணையுங்கள். காற்றை வெளியேற்றிய பிறகு எஞ்சின் பற்றி, அணையாமல் ஓடினால் பம்பிலும் நோசலிலும் குறையில்லை. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே தேடினால் போதும்.

காற்றை வெளியேற்றுவது

ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள். கைப் பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், குமிழ் வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். இதையே டீசல் பம்பின் மேலுள்ள ஸ்க்ரூவிலும் செய்யுங்கள். கைப் பம்ப் கடினமாகிக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு அடித்தும் இளகியே இருந்தால் எங்கோ இன்னும் காற்று வருகிறது, அல்லது ஃபீட் பம்பின் உள்வால்வில் அழுக்கு இருக்கிறது.

அப்புறமும் பற்றாவிட்டால், நோசலுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை நோசல் பக்கத்தில் ஒரு சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். விட்டுவிட்டு டீசல் துளிர்க்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோசலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு ஊசிப்புள்ளி போலத்தான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். கையை எதிரே வைக்காதீர்கள். பட்டுவிட்டால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காமன் ரயில் எஞ்சினில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும். அதில் குழாய் நட்டைத் தளர்த்தும் வேலையே கூடாது.

தண்ணீர் என்ற பகை

நம் ஊரில் காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டேங்கில் உள்ள காற்று இரவில் குளிர்ந்து, சுவரில் நீர்த்துளியாகப் படியும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். 2019-இல் மலேசியாவில் வாகனங்களுக்கு விற்கும் சாதாரண டீசல் பி10 ஆனது, அதாவது நூற்றில் பத்துப் பங்கு வரை செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். பயோடீசல் வெறும் டீசலைவிட அதிக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய டேங்கில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த படிவையும் இளக்கிவிடும். இயற்கை ரப்பரால் ஆன பழைய குழாய்களையும் மெல்ல நைந்துபோகச் செய்யும். பயோடீசலை நான் குறை சொல்லவில்லை. பழைய லோரி வைத்திருப்பவர் ஃபில்டரையும் குழாயையும் முன்னைவிட அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். டேங்க் அடியில் கறுப்பாக, கொழகொழ என்று வரும் சகதி அவற்றின் வேலை. அது ஃபில்டரை அடைத்தால் டீசல் வராது. ஃபில்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நின்றால் டேங்கையே கழுவ வேண்டும். வேலை முடிந்து லோரியை நிறுத்தும் முன் டேங்கை நிரப்பிவைத்தால், நீர் படிய இடமே குறையும்.

இதுவரை: புகை இல்லையென்றால் எக்ஸாஸ்ட் பிரேக், டீசல் இருப்பு, ஸ்டாப் சொலினாய்டு, காற்று, தண்ணீரும் ஃபில்டரும். இந்த வரிசையில் போங்கள். பம்பையும் நோசலையும் தொடும் வேளை இவை எல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.

வெள்ளைப் புகை: சூடு போதவில்லை

டீசல் போகிறது, பற்றவில்லை. எஞ்சின் போதுமான வேகத்தில் சுற்றுகிறதா என்று மறுபடி பாருங்கள். வெள்ளைப் புகைக்கு மெதுவான சுற்றும் ஒரு காரணம்.

சில எஞ்சின்களில் குளோ பிளக் இருக்கும். மின்சாரத்தில் பழுத்து, சிலிண்டருக்குள் சூடு தரும் சிறு கம்பி அது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்று கழற்றியே போட்டவர்கள் உண்டு. அது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் தெளிக்கப்படும் எஞ்சின்களுக்கு இங்கே குளோ பிளக் இல்லாமலே சமாளிக்க முடியும். ஆனால் சில சிறிய லோரிகளின் பழைய எஞ்சின்களில் டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்படுகிறது. அந்த அறையின் சுவர்கள் சூட்டைக் குடித்துவிடும். பினாங்கின் 24 டிகிரி விடியற்காலைகூட அவற்றுக்குக் குளிர்தான். மீட்டரில் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். நல்ல குளோ பிளக் மிகக் குறைந்த ஓம்தான் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

குளோ பிளக்கும் சுற்றும் சரியாக இருந்தால், மிஞ்சுவது கசிவு. தண்டு லொடலொட என்று இருக்கும் நிலை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட் விட்டிருக்கலாம். "எஞ்சின் முடிஞ்சது" என்ற தீர்ப்பை இங்கேதான் அவசரப்பட்டுச் சொல்கிறார்கள். அதற்கு முன் வால்வு கேப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி அது. இசுசுவின் 4ஜேபி1 எஞ்சினில் அது 0.40 மில்லிமீட்டர். வால்வு நாளாக நாளாகத் தன் இருக்கையில் அமிழும்போது இந்த இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுதாக மூடவே மூடாது. காற்று அதன் வழியே போய்விடும். இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் ஸ்பானரும் வைத்துச் சில மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய வேலை.

அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் கம்ப்ரெஷனை அளக்க வேண்டும். டீசலுக்கென்று உள்ள கேஜ் வேண்டும், பெட்ரோல் எஞ்சினின் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. நல்ல எஞ்சின் 30 பார் சுற்றுவட்டாரத்தில் காட்டும், 20-க்கும் கீழே போனால் ஸ்டார்ட் ஆவது கடினம். எல்லாச் சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதும் முக்கியம். அந்த அளவைக் கண்ணால் பார்க்காமல் ஹாஃப் கட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே

ஏர் ஃபில்டர் வாயில் ஈதர் ஸ்ப்ரே அடித்தால் எஞ்சின் "டக்" என்று பற்றுவது உண்மைதான். இது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஈதர் குறைந்த சூட்டிலேயே, பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடிக்கும். மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை அந்த வெடிப்பு கீழே அறையும். ரிங் உடையும், பிஸ்டனில் விரிசல் விழும். குளோ பிளக்கோ, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ பழுத்திருக்கும் நேரத்தில் அடித்தால் தீ உங்கள் முகத்துக்கே வரும். ஸ்ப்ரே அடித்துத்தான் தினமும் கிளம்புகிறது என்றால் அந்த எஞ்சினில் ஒரு குறை மறைந்திருக்கிறது, ஸ்ப்ரே அதை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் லோரியில் அவ்வளவு எளிதல்ல. ஏர் பிரேக் உள்ள பல லோரிகளில் காற்றழுத்தம் இல்லாவிட்டால் பின் சக்கர பிரேக் தானாகவே பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் உருட்டிவிட்டால், அழுத்தம் போதாத பிரேக்கோடு ஓடும் லோரியை நிறுத்த ஆள் கிடையாது.

வெள்ளத்தில் நின்ற லோரி

2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் எஞ்சின் மட்டத்துக்கு ஏறியிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் எஞ்சின் பிளாக்கே உடையும். நோசல்களைக் கழற்றி, கிராங்க் புல்லியை ஸ்பானரால் கையாலேயே சுற்றி, தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயையும் ஃபில்டர்களையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டர். வெள்ளத்தில் பிழைத்த எத்தனையோ எஞ்சின்கள் வடிந்த மறுநாள் ஸ்டார்ட்டரை அடித்ததில் செத்திருக்கின்றன.

பட்டறையில் என்ன சொல்வது

இத்தனையும் பார்த்த பிறகு டீசல் பம்ப்தான் என்று தெரிந்தால் அதை வீட்டு வாசலில் பிரிக்காதீர்கள். ராபர்ட் பாஷ் 1927-இல் இந்த வகைப் பம்புகளை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அதன் உள்ளே ஒரு விஷயம் மாறவில்லை. டீசலைத் தள்ளும் சிறு தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். விரலில் ஒட்டிய தூசி போதும் அதைக் கெடுக்க. டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் கடைக்குத்தான் அது போக வேண்டும். கழற்றும் முன் பம்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். டீசல் தெளிக்கும் நேரம் அந்த இடத்தில்தான் அமைகிறது.

போர்மேனிடம் "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாமல் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "நல்ல வேகத்துல சுத்துது, புகை வரல, சொலினாய்டு சத்தம் கேக்குது, கேன்லேர்ந்து டீசல் குடுத்தும் பிடிக்கல, நோசல் நட்டைத் தளர்த்தினா டீசல் வரல." இவ்வளவும் கேட்ட போர்மேன் பேட்டரியைப் பற்றிப் பேசமாட்டார். நேராகப் பம்ப் பக்கம் போவார்.